அரைக் குளுசை

வேலாயியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய குறட்டை, டாக்டரய்யா தன் மூக்கைத் துடைத்த அதே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் டாக்டரும் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துக்கொள்ளும் கனகலிங்கம், ஊர் யாழ்ப்பாணம். நாங்கள்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு டாக்டராக்கி வைத்திருந்தோம்.

பல் வந்துவிட்டது, இரத்தம்தான் நிற்கவில்லை. வேலாயி லயத்தில் என் பக்கத்துக் காம்பிராவில் குடியிருப்பவள், வாயாடுவதில் யாருக்கும் சளைக்காதவள். இப்போது மடியில் ஒரு தகரப் பேணியை வைத்துத் துப்பிக்கொண்டே இருந்தாள். அடைத்த பஞ்சு ஒவ்வொன்றும் ஊறி நழுவி விழுந்தது. அந்த வாடைக்கு ஈ மொய்த்தது.

"அய்யா, இவளுக்கு அட்டை கடிச்சாலே பொழுது சாயுற வரைக்கும் ஒழுகுதுங்க," என்றேன்.

அவர் கை நின்றது. "ஏதும் குளிசை எடுக்கிறவளோ?"

"தலைவலிக்குக் குடுக்குற வெள்ளக் குளுசைதாங்க. வருசக்கணக்கா தெனம் காலையில அரைக் குளுசை."

கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையை அறுத்து வரும் தலைவலி எங்கள் எல்லோருக்கும் உண்டு. வேலாயிக்கு அது விடியும்போதே வந்துவிடும். வெறுந்தேயிலைச் சாயத்தண்ணியோடு அரைக் குளுசை விழுங்காமல் அவள் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வந்ததே இல்லை.

"அது அஸ்பிரின்! ரத்தத்தை உறைய விடாதெல்லோ. எந்த நாளும் தின்னச் சொல்லி ஆர் உனக்குத் தந்தது?"

வாயைத் திறக்க முடியாமல் வேலாயி விரலை நீட்டினாள். அவரைத்தான்.

மனுஷன் வெட்கப்படவில்லை. சன்னலால் எட்டிப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப லொறி வேண்டும். லொறிக்குத் தோட்டத்தை நடத்தும் துரை சொல்ல வேண்டும். துரையின் மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. லொறி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், தான் கொடுத்த குளுசை வெளியே வருமே! அவசரமாக மேசை லாச்சியைத் திறந்து, ஒரு வெற்றிலையை எடுத்து அவள் வாயில் திணித்தார். பேணியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"சப்பு. துரை கேட்டால் வெத்திலைச் சாறெண்டு சொல்லு. லொறியைப் பிறகு பாப்பம்."

சீ! வெற்றிலை போடுகிற சனமென்று எங்களை ஏசியே பழகிய மனுஷனின் லாச்சிக்குள் வெற்றிலை! இவள் செத்தாலும் எச்சில் கணக்கில்தான் போவாள் என்று தோன்ற, துரையிடம் உள்ளதைச் சொல்லிவிட நினைத்தேன். ஆனால் துரை உள்ளே வந்ததும் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

துரை மூக்கைச் சுளித்தார். "என்ன இது? வெத்தலையா?"

"யெஸ் சேர்," என்றார் கனகலிங்கம்.

வேலாயி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, துரையின் சப்பாத்துக்கு முன்னால் வந்து நின்று, குனிந்து வாயைத் திறந்தாள். தண்ணீராகக் கொட்டிய இரத்தத்தின் நடுவில், ஒரு பல்கூடப் படாமல், பச்சையாகக் கிடந்தது அந்த வெற்றிலை.