முகம் மட்டும் பாக்கி

1

பாறசாலை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பழைய கடையை இடித்தபோது பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு எண்ணெய் ஓவியம் வந்தது. கோட்டு, நாற்காலி, மடியில் ஒரு கை. முகம் மட்டும் இல்லை. எனக்கு அன்று காப்பிகூட இறங்கவில்லை. கதை கிடைத்துவிட்டதே!

2

முதல் வரிகள்:

1978. விடாத மழை— (வேண்டாம். பெயிண்ட் காயாது.)

சுந்தரதாஸ் ஒரு ஏழைக் கலைஞ— (அடித்துவிட்டேன். உடனே உச்சுக்கொட்டுவீர்கள். அவன் நன்றாகச் சாப்பிடுகிற ஆள். கல்ஃபுக்குப் போனவர்கள் புண்ணியத்தில் அவன் கடையில் எப்போதும் கூட்டம்.)

சரி, தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். வேலை குறைந்த நாட்களில் சுந்தரதாஸ் முகமில்லாத உடம்புகளாக வரைந்து அடுக்கிவிடுவான். கோட்டு உடம்பு, ஜிப்பா உடம்பு, பட்டுச்சேலை உடம்பு. ஆள் வந்தால் போட்டோவைப் பார்த்து முகத்தை வைத்தால் போதும். எல்லா உடம்புக்கும் ஒரே வெளுத்த, மெத்தென்ற கை.* அதனால்தானோ என்னவோ, எந்தப் படத்திலும் அவன் தன் பெயரை எழுதியதில்லை.

(* சிரிக்காதீர்கள். நானும் கதாபாத்திரங்களை இப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். சுந்தரதாஸின் உடம்பு வேறொரு கதையில் மிஞ்சியது.)

3

ராபின்சன் கல்ஃபிலிருந்து விடுமுறையில் வந்தவன். அவன் அப்பா ஞானையன், சிவானந்தம் பிள்ளையின் நிலத்தில் குடிசை போட்டுக் கிடந்தவர். நிலச்சட்டம் வந்து பத்து சென்ட் அவர் பேருக்கே ஆனது. கொஞ்ச நாளில் அவரும் கண்ணை மூடிவிட்டார். அதே பத்து சென்ட்டில் இப்போது மகனின் மொட்டை மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை பால்காய்ச்சு.

"படத்துல அப்பனுக்கு கோட்டு போடணும் அண்ணா," என்றான் சுந்தரதாஸிடம், கைகளை பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு. "பிள்ளை வருவாரு. அவரு நிக்கணும், எனக்க அப்பன் கசேரையில உக்காந்து இருக்கணும்."

"நினக்கு அங்க என்ன ஜோலி?"

"கம்பெனியில."

(உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: வெயிலில் நின்று கம்பி வளைக்கிறான். சுந்தரதாஸுக்கு இது தெரியாது.)

4

சர்ச் சபையில் எடுத்த கூட்டப் போட்டோவில் மிளகு அளவுக்கு ஒரு முகம். அதைப் பெரிதாக்கி, கோட்டு உடம்பின் மேல் ஞானையனை வைத்துவிட்டான். பார்த்துச் சொல்ல ராபின்சனின் அம்மா மரியம்மா வந்தாள்.

"மொகம் அவருக்கதாக்கும். இந்தக் கை ஆருக்கது?"

"எல்லாவருக்கும் இதுதான் மாமி."

"இந்தக் கைய வச்சு ஒரு மூடு மரச்சீனிக் கெழங்கு பிடுங்க ஒக்குமா மக்கா?"

சுந்தரதாஸுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உடம்பெல்லாம் பரபரவென்றாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் கையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை! கத்தியை எடுத்துப் பழைய கையைச் சுரண்டி எறிந்தான்.

"அவருக்க கை எப்பிடி இருக்கும்?"

"எனக்க கைய மாதிரிதான். ஒரே மம்பட்டிய மாறி மாறிப் பிடிச்சோம்லா."

அவள் கையை மேசைமேல் வைத்தாள். வெடித்த நகம், காய்த்த முட்டு, கட்டைவிரல் மடிப்பில் கறுத்துப்போன மரச்சீனிக் கறை. சுந்தரதாஸ் சாப்பிடப் போகவில்லை. சீட்டியடித்துக்கொண்டே வரைந்தான். முடித்ததும் அந்தக் கைக்குக் கீழே, வாழ்க்கையில் முதல்முறையாக, தன் பெயரை எழுதினான்.

(இந்தப் பத்தியை எழுதும்போது நானும் சீட்டியடித்தேன். வீட்டில் திட்டு விழுந்தது.)

5

சனிக்கிழமை அம்மாவோடு வந்த ராபின்சன் படத்தைப் பார்த்தான். முகத்தைக் கண்டதும் கண் கலங்கியது. கைக்கு வந்ததும் வற்றிவிட்டது.

"கோட்டு போட்டவனுக்கு இந்தக் கையா? பிள்ளை பாத்து சிரிக்கியதுக்கா? கோட்டு பாக்கெட்டுக்குள்ள வச்சிரு அண்ணா. இப்பமே கொண்டு போறேன். இல்லேங்கி வேண்டாம்."

மரியம்மா தன் கையை எடுத்து, படத்திலிருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

6

முடிவு அ: சுந்தரதாஸ் பாக்கெட் வரைகிறான், படம் விற்கிறது, பெயரை அழிக்க— (எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: சிவானந்தம் பிள்ளை படத்தின் முன் நின்று கைகூப்பி— (நல்ல கனவு.)

இனி என்னால் ஆகாது. மூன்று பேரும் கடையில் நிற்கிறார்கள். ராபின்சனின் கைகள் இன்னும் பேண்ட் பாக்கெட்டுக்குள்தான் இருக்கின்றன. சுந்தரதாஸ் இப்போதுதான் அதைக் கவனிக்கிறான். அந்தப் பாக்கெட்டுக்குள் எப்படிப்பட்ட கை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து, பாக்கெட் வரையவா வேண்டாமா என்று காத்திருக்கிறான்.

ராபின்சனிடம் கையை வெளியே எடுக்கச் சொல்வீர்களா?