கப்பல் ஆட்டம்

"சுவரப் புடிச்சிட்டுதான் வந்த, நான் பாத்தேன்—"

"எந்தச் சுவரு? துண்டு எடுக்கக் கைய நீட்டுனேன்—"

"கொடி அந்தப் பக்கம் கெடக்கு, இந்தப் பக்கம் என்ன துண்டு—"

"ஒரு மனுசன் குளிச்சிட்டு வெளிய வந்தா வாசல்ல நின்னு போலீஸ் மாதிரி—"

"கண்ண மூடிட்டு வந்த."

"சோப்பு."

சுபிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்தே டெர்வின் இப்படித்தான். சண்டை நன்றாகச் சூடேறி வரும்போது ஒற்றைச் சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்பான். அதைத் தாண்டிப் போக வழியிருக்காது. ஆனால் இன்று அவன் தலையில் சோப்பு நுரையும் இல்லை, துண்டும் இல்லை. சுவரில் ஈரக் கை பதிந்த தடம் மட்டும் அவன் நடந்து வந்த வழி நெடுகத் தெரிந்தது. கடைசித் தடத்தில் ஐந்து விரலும் அகல விரிந்து, கீழ்நோக்கி இழுபட்டிருந்தது.

அடுப்பங்கரையிலிருந்து மாமியார் சிசிலியாவின் குரல் வந்தது. "என்னத்துக்குல காலைலயே ரெண்டு பேரும் கூப்பாடு?"

"ஒண்ணுமில்ல மாமி. இவங்களுக்குத் தலை சுத்துதான்னு கேட்டேன்." மாமிக்குக் கேட்கும்படி பேசும்போது மட்டும் நீ என்பது நீங்க ஆகிவிடும்.

"சுத்தாம என்ன செய்யும்? கப்பல் ஆட்டம் மக்கா. மெட்ராசுலருந்து கடல்ல ஆடி ஆடி வந்தவனுக்குத் தரை உடனே நிக்குமா? உன் மாமாவ எல்லாம் நான் பாக்காததா?"

அந்தமானில், போர்ட் பிளேரில் அதைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். மெயின்லேண்ட் என்கிற இந்தியக் கரையிலிருந்து கப்பலில் வருகிறவர்களுக்கு, இறங்கிய பிறகும் சில நாள் தரை ஆடும். படிக்கப்போன பிள்ளைகள், கல்யாணமாகி வந்த பெண்கள், வேளாங்கண்ணி போய்வந்த கிழவர்கள் எல்லாருக்கும் அது வரும், போகும். கண்ணை மூடினால் கூடும், குளிக்கும்போது இன்னும் கூடும். சிசிலியாவின் வீட்டில் அதற்கு வைத்தியமும் இருந்தது. கப்பல் இறக்குவது என்பார்கள். வந்தவனைக் கொல்லையில் ஈர மண்ணில் வெறுங்காலோடு நிறுத்தி, இரண்டு கையிலும் கல்லுப்பைத் திணித்து, காலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, "இறங்கு, இறங்கு" என்று சொல்ல வேண்டும். மாமனார் பிரகாசம் தீவுகளுக்கு நடுவே ஓடுகிற கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவர். அவருக்கு இப்படி எத்தனை குடம் ஊற்றியிருப்பாளோ.

டெர்வினுக்கு வந்த அன்றைக்கே ஊற்றினாள். அடுத்த வாரம் மறுபடி ஊற்றினாள். நேற்றும் ஊற்றினாள். உப்பு கரைந்து அவன் விரலிடுக்கில் வழிந்தது. "இந்தத் தடவ பெரிய கப்பலாக்கும், இறங்க மாட்டேங்குது" என்று சிசிலியா சிரித்தாள். அவனும் சிரித்தான். சுபிதா அவன் கால்களைப் பார்த்தாள். கட்டை விரல்கள் இரண்டும் மண்ணைக் கவ்விப் பிடித்திருந்தன, மரம் ஏறுகிறவனுடையவை போல.

அவன் ஹாக்கி ஆடுகிறவன். மெயின்லேண்டில் ஒரு லீக் அணியில் தடுப்பு வரிசையில் ஆடினான். எதிர் அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், கோல் கோட்டிலிருந்து கிளம்பி, பந்தை அடிக்கப் போகிறவனை நோக்கி முதலில் பாய்கிறவன் அவன்தான். பந்து வருகிற வழியிலேயே ஓட வேண்டும். ஒதுங்கி ஓடுகிறவனுக்கு அந்த இடம் இல்லை. "எல்லாரும் பந்தப் பாத்து ஓடுவான். இவன் பந்துக்கு உள்ள ஓடுதான்" என்று பிரகாசம் பெருமையாகச் சொல்வார். முதல் தடவை ஒருவனுடைய முழங்கை நெற்றிப்பொட்டில் பட்டது. அடுத்த வருஷம் மட்டை. இந்த சீசனில் பந்து. முகமூடி போட்டிருந்தும் மல்லாக்க விழுந்தான். டிவியில் அதையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அடிபட்டு மூளை குலுங்கியதற்குக் கன்கஷன் என்று அணியின் டாக்டரம்மா பேர் சொல்லி, திரை போட்ட அறையில் படுக்க வைத்து, பிறகு வீட்டுக்கு அனுப்பினார். தலைசுற்றல், கண் மங்கல், வலி எதுவும் இல்லையென்று ஆன பிறகுதான் மறுபடி மைதானம். வீட்டில் இருக்கிறவர்களிடமும் விசாரித்துவிட்டுத்தான் விடுவார்கள்.

வீடு விமான நிலையத்தை ஒட்டின லம்பா லைனில். விமானம் இறங்கும்போது ஓட்டுக்கு மேலே உரசிக்கொண்டு போவதுபோலச் சத்தம் வரும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தில் அவன் தூக்கம் கலைந்து புரண்டுகூடப் படுத்ததில்லை. இப்போது சத்தம் வருவதற்கு முன்னாலேயே கண்ணை இறுக்கிக்கொள்கிறான். அவனுக்கு எப்படித் தெரிகிறது என்று சுபிதாவுக்குப் புரியவில்லை. சோற்றில் கை வைத்தவன் அப்படியே இருப்பான். விமானம் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல, "மீன் நல்லாருக்கும்மா" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, பள்ளிக்கூட மைதானத்தில் கொஞ்சம் பந்து தள்ளிவிடச் சொன்னான். அவளுக்குப் பேக்கரியில் மத்தியான வேலைதான். சரியென்று போனாள். கோயில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மட்டையால் தள்ளினாள். பந்து போனது. அவன் பாய்ந்தான். மட்டை சரியான இடத்தில், ஆனால் ஒரு நொடி பிந்தி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை அவள் புல்லடர்ந்த பக்கமாகத் தள்ளினாள். பந்து சத்தமில்லாமல் உருண்டது. அவன் பந்தே இல்லாத இடத்தில் மட்டையை வைத்துவிட்டு நின்றான். பந்து அவன் காலைத் தாண்டிப் போய் வேலியில் மோதியது.

"என்னடா அது?" என்றாள்.

"புல்லு."

"டெர்வின்."

மட்டையை ஊன்றி உட்கார்ந்தான். பக்கத்தில் போனாள். மேட்டில் மாடு ஒன்று நின்று இவர்களையே பார்த்தது.

"ரெண்டு வருது" என்றான். "பந்து. ஒண்ணுக்குச் சத்தம் உண்டு, ஒண்ணுக்கு இல்ல. சத்தம் உள்ளதுதான் நெசம். மேட்ச் ஆடுத டர்ப் தரையில நல்லா கேக்கும், ஒண்ணும் பிரச்சின இல்ல."

"எப்பருந்து?"

"அதெல்லாம் பளகிரும்."

"கப்பல் ஆட்டத்துல ரெண்டு பந்து வருமா? யாருக்கு வந்துருக்கு?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "நான் ஏன் கப்பல்ல வந்தேன்னு நெனச்ச?" என்றான். "டீம்ல பிளைட் டிக்கெட் போட்டுக் குடுத்தாங்க. வேண்டாம்னுட்டு கப்பலுக்கு வந்தேன். பிளைட்ல வந்து எறங்கி நான் தள்ளாடினா அம்மா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பா. கப்பல்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உப்பத்தான் குடுப்பாங்க."

துறைமுகத்தில் அவன் இறங்கி வந்த நாள் சுபிதாவுக்குக் கண்முன்னால் வந்தது. பலகையில் கால் வைக்கும்போதே அவன் சத்தமாக, "ஐயோ, என்னா ஆட்டம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தான். அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

"டாக்டரம்மாட்ட நான் சொல்லிருவேன்."

"சொல்லு. தாராளமாச் சொல்லு." குரலை உயர்த்தவில்லை. "சொன்னா முடிஞ்சுது. என் எடத்துக்கு ஒருத்தன் இப்பவே பேடு கட்டிட்டு நிக்கான். அப்புறம் நான் இங்கதான் இருப்பேன், உன் கூடத்தான். பேக்கரில மாவு பெசையச் சொன்னாலும் பெசைவேன். ஆனா ஒண்ணு சுபி. ஒவ்வொரு நாளும் உன் மூஞ்சியப் பாக்கும்போது, இவதான் சொன்னா, இவதான் சொன்னான்னு எனக்குத் தோணும். தோணாம இருக்க என்னால முடியாது. அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

"மெரட்டுதியா?"

"இல்ல. பயந்துட்டுச் சொல்லுதேன்."

மெரட்டியிருந்தால் அவள் பதிலுக்கு நன்றாகக் கேட்டிருப்பாள். பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது அவன் அவள் தோளில் கை போட்டுக்கொண்டான். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருந்திருக்கும். அந்தக் கையின் பாரம் முழுக்க அவள்மேல் இறங்கியிருந்தது.

டாக்டரம்மா வீடியோவில் வந்தது அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில். டெர்வின் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அம்மாவை நடுவில் உட்கார வைத்தான். சிசிலியா புதுச் சேலை கட்டியிருந்தாள். டாக்டரம்மா அவனை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். எல்லாம் செய்தான். இதையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருக்கிறான் என்பது சுபிதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு டாக்டரம்மா தலைசுற்றலைப் பற்றி அம்மாவிடம் இந்தியில், "மா ஜி, இஸ்கோ சக்கர் ஆத்தா ஹை க்யா?" என்று கேட்டார்.

"சக்கர்?" சிசிலியா முகம் மலர்ந்து போனது. தனக்குத் தெரிந்த விஷயமல்லவா. "அரே மேடம், வோ தோ ஜஹாஜ் கா சக்கர் ஹை. கப்பல்ல வந்தா இங்க சப்கோ ஆத்தா ஹை." உப்பையும் தண்ணீரையும் பற்றி இந்தி பாதி, தமிழ் பாதியாகக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். தானும் ஒருதரம் கப்பலில் போய் இரண்டு நாள் படுத்துக் கிடந்ததாகச் சொன்னார். அது தவிர வேறே ஒன்றுமில்லையே என்றார். "குச் நஹி, குச் நஹி" என்றாள் சிசிலியா. பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுடையது. அதைப் பார்த்து யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

"பீவி கஹான் ஹை?" மனைவி எங்கே என்று கேட்டார் டாக்டரம்மா.

சுபிதா போனுக்கு முன்னால் வந்தாள். சின்னச் சதுரத்தில் தன் முகமே தெரிந்தது. போனுக்கு அந்தப்புறம், மேசை முனையில் டெர்வின் நின்றான். அவன் முறைக்கவில்லை, கெஞ்சவுமில்லை. அவளைத்தான் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் பார்வை அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, காலண்டரில் இருந்தது. அங்கே இருந்த சுபிதாவைத் தைரியமாக, அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சப் டீக் ஹை, மேடம்" என்றாள் சுபிதா.

எல்லாம் சரி என்று சொன்ன அந்த வாய் அவளுடையதுதான். சொன்ன பிறகு கொல்லைக்குப் போய், காரணமே இல்லாமல் காய்ந்த துணிகளை மறுபடி அலசினாள்.

அவன் விமானத்தில் போனான். சிசிலியா பலகாரம் கட்டிக் கொடுத்தாள். பிரகாசம் தன் கப்பல் நின்றிருந்த கேம்பல் பே தீவிலிருந்து போன் போட்டு, "உள்ள ஓடு, ஏல" என்றார்.

மேட்ச் அன்றைக்கு சுபிதா லீவு போட்டாள். டிவி முன்னால் சிசிலியா முழங்காலில் நின்று ஜெபமாலையை உருட்டினாள். எதிர் அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும்போதெல்லாம் சுபிதா டிவியைப் பார்க்கவில்லை, மாமியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். கடைசி கார்னரில் அவன் மட்டையில் பந்து பட்டுத் தெறித்து வெளியே போனதாம். கூட ஆடுகிறவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டார்கள். அவன் தலையில் எதுவும் படவில்லை. யாரும் மோதவில்லை. தூக்கினவர்கள் செல்லமாக அவன் உச்சந்தலையில் தட்டினார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருத்தனாக வந்து தட்டினான்.

இருட்டத் தொடங்கும்போது போன் வந்தது. சிசிலியா பறித்து வாங்கிக்கொண்டாள். "மக்கா, சாப்பிட்டியா? மாதாதான் காப்பாத்துனா. பக்கத்து வீட்ல எல்லாம் முட்டாய் குடுத்துட்டேன். தலையில தட்டுதானுவளே, வேண்டாம்னு சொல்லப்புடாதா? சரி, சரி. அப்பா கூப்பிட்டாரா? எண்ணெய் தேய்ச்சுக் குளி." அவன் ஒவ்வொன்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்வது வெளியே கேட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் அந்தப் பழைய சிரிப்பு. இவ்வளவு நாளும் தான்தான் வீணாகப் பயந்தோமோ என்றுகூடச் சுபிதாவுக்குத் தோன்றியது. சிசிலியா முந்தானையால் கண்ணைத் துடைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். "உன் பொண்டாட்டிட்ட பேசு."

"சுபி, பாத்தியா?"

"பாத்தேன். தலை எப்பிடியிருக்கு?"

"சூப்பர். கடைசில பந்து ஒண்ணுதான் வந்துச்சு, தெரியுமா. ஒண்ணே ஒண்ணு." பின்னால் யாரோ பாட்டுப் போட்டார்கள், பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. சிசிலியா மேசைமேல் குனிந்து, இன்னும் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, அம்மா எங்க?" என்றான் டெர்வின். "ஜெயிச்சதச் சொல்லணும்னு எவ்ளோ நேரமாக் காத்திருக்கேன், அம்மா ஒரு வார்த்த பேச வரலியே."