கடைசி நாற்காலிக்கு ஒரு தாள்

பாடகர் குழுவின் பின்வரிசையில் கடைசி நாற்காலி காலியாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஆண்டின் பெரிய பாட்டில் எல்லோருக்கும் கீழான குரலைப் பாடியது அந்த நாற்காலிதான். அன்று மாலை ஒத்திகைக்கு வந்திருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள். யாரும் எழுந்து ஓடவில்லை, கூரை ஒழுகிக்கொண்டிருந்ததால் வாளியை எங்கே வைப்பது என்பதுதான் அப்போதைய பேச்சாக இருந்தது. பாட்டு முடிந்ததும் பேக்கரிக்காரர் மட்டும் திரும்பி நாற்காலியைப் பார்த்து, "சுருதி சுத்தமா இருக்கு" என்றார். அந்தப் பின்வரிசையில் அதுவரை மிகத் தாழ்ந்த குரல் அவருடையது, ஆகவே அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

குழு கூடியது பேருந்துப் பணிமனையின் மேல்மாடியில். கீழே இஞ்சின் உறுமும், மேலே பாட்டுப் போகும், டீசல் வாடை இல்லாமல் பாடினால் எங்களுக்குப் பாட்டே வராது என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள். குழுவை நடத்தியவர் போக்குவரத்துப் போலீஸ்காரர். பகலெல்லாம் நாற்சந்தியில் கை காட்டிவிட்டு மாலையில் இங்கே வந்தும் கை காட்டியதால் ஊரில் அவருக்குக் கைகாட்டி என்றே பெயர். எந்தப் பாட்டைப் பாடுவது என்று தேர்ந்தெடுத்து இசைத்தாள் வரவழைப்பது தையல்காரி ஒருத்தியின் வேலை. அவளுக்குத் தாள்காரி என்று பெயர். தாளைப் பார்த்தே பாட்டைக் காதில் கேட்பாள், ஆனால் வாயைத் திறந்தால் சுருதி ஓடிவிடும் என்பதால் ஒருநாளும் பாடமாட்டாள். தகர அலமாரியில் மேல்தட்டு முழுக்க இறைவழிபாட்டுக்கென்று எழுதிய பெரிய இசைக்கோவைகள், அடித்தட்டில் நாட்டுப்பாடல்கள், நடுவில் இரண்டிலும் சேராதவை. கழுத்தில் அளவு நாடாவோடு அலமாரியின் முன்னால் உட்கார்ந்து, இந்தப் பாட்டு நம்ம ஆட்களுக்குத் தோளில் நிற்குமா, கை நீளமா, இடுப்பு இறுக்கமா என்றுதான் பார்ப்பாள். ஒவ்வொரு பகுதியையும், மேல்குரலிலிருந்து கீழ்க்குரல் வரை, தனித்தனியாக விரலால் தொட்டு மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, பாட ஆள் இல்லாத வரி ஒன்று இருந்தாலும் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவது அவள் வழக்கம். உடம்பைப் பார்க்காமல் துணி வெட்டக்கூடாது என்பாள்.

அந்த ஒரு தடவை அவள் உடம்பைப் பார்க்கவில்லை. மேல்குரலில் பாடிய அவளுடைய மகளைத்தான் பார்த்தாள். புதிதாக வந்த மாதிரித் தாள்களில் இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசைக்கோவை ஒன்று இருந்தது. அதன் நடுவே எல்லாக் குரல்களும் அடங்கி, ஒரே ஒரு பெண்குரல் மட்டும் ஏறிப் போகும் இடம் ஒன்று வரும். படித்ததுமே தாள்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. இது என் பெண்ணுக்கென்றே தைத்த சட்டை என்று நினைத்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவள் குஞ்சு உண்மையிலேயே பொன்னாக இருந்ததுதான் வினை. தாளின் அடியில், எல்லா வரிகளுக்கும் கீழே, இன்னொரு வரி ஓடியதை அவள் தொட்டுப் பார்க்கவே இல்லை. தாள் கட்டுக்கட்டாக வந்து இறங்கிய பிறகு கைகாட்டிதான் அதைப் பார்த்தார். "அக்கா, இது பேக்கரிக்காரருக்கே எட்டாதே. பாதாளத்துல இருக்கு. யாரு பாடறது?" என்று கேட்டார். "விடுங்க சார், பியானோக்காரரோட இடது கை பாத்துக்கும்" என்றாள் தாள்காரி. பியானோக்காரரின் இடது கைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆள் இல்லாத வரிக்கு ஆள் தானாக வந்துவிட்டது.

கச்சேரி அமோகம். மகள் ஏறிப் பாடிய இடத்தில் அரங்கம் மூச்சுவிடவில்லை. மறுநாள் பத்திரிகை பெயர் தெரியாத அந்தக் கீழ்க்குரலையும் புகழ்ந்திருந்தது. சம்பளமும் கேக்காது, தொண்டை கட்டிக்கிச்சுன்னு லீவும் போடாது, இப்படி ஒரு பாடகர் யாருக்குக் கிடைப்பாங்க என்று குழுவில் சிரித்தார்கள். அடுத்த பருவத்துக்கு லேசான பாட்டாக இருக்கட்டும் என்று தாள்காரி வசந்த காலப் பாட்டு ஒன்றை எடுத்தாள், அதில் பாதாள வரி எதுவும் கிடையாது. முதல் ஒத்திகையில் பேக்கரிக்காரர் வாயைத் திறந்தார், அவருடைய வரி அவருடைய குரலிலேயே கடைசி நாற்காலியிலிருந்து வந்தது. அவர் வாயை மூடினார், குரல் நிற்கவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், இருமினார், இருமலுக்கும் சத்தம் இல்லை. அன்றைக்குப் போன பேச்சு அவருக்குப் பிறகு திரும்பவில்லை. கடையில் மேசைமணி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார், ஒரு தட்டு தட்டினால் ரொட்டி வெந்துவிட்டது, இரண்டு தட்டினால் சில்லறை இல்லை.

பயம் அப்போதுதான் ஊருக்குள் வந்தது. நாற்காலியை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே எறிந்துவிட்டு வந்தார்கள், அது இருந்த வெறுந்தரை பாடியது. சரி, பாடினால்தானே வம்பு என்று குழுவைக் கலைத்தார்கள். அந்த வாரமே கீழே பணிமனையில் பேருந்து நேரங்களை ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவிப்பாளர், "மூன்றாவது மேடையிலிருந்து" என்று ஆரம்பித்தவர், மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. மிச்சத்தை அவர் குரலிலேயே மேல்மாடி சொன்னது. பூட்டியிருந்த அறைக்குள்ளிருந்து பேருந்து நேரங்களைக் கேட்டுப் பயணிகள் ஏறிப் போனார்கள், நேரங்கள் சரியாகவே இருந்தன. குழு மறுபடி கூடியது. வழி ஒன்றுதான் என்று தாள்காரிக்குப் புரிந்தது: அதற்கென்று ஒரு வரி இருக்கிற பாட்டு கொடுத்தால் அதைப் பாடிக்கொண்டு சும்மா இருக்கும், கொடுக்காவிட்டால் யாருடையதையாவது எடுக்கும். நாற்காலியைத் தேடிக் கண்டுபிடித்துத் துடைத்து, பழைய இடத்தில் போட்டு, அதன்மேல் ஒரு தாளும் வைத்தார்கள். வேலியிலே போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்டாகிவிட்டது, இனி அதற்குத் தீனி போடுவதுதான் பாக்கி என்றார் கைகாட்டி.

தாள்காரி மேல்தட்டைக் குடைந்தாள். விடியற்கால வழிபாட்டுப் பாடல்கள், அந்தி வழிபாட்டுப் பாடல்கள், புயலில் சிக்கியவர்களுக்கான மன்றாட்டு, அரசர்களை அடக்கம் செய்தபோது பாடியவை என்று பாதாள வரி உள்ள தாளாகத் தேடித் தேடி எடுத்தாள். தையல் மெஷினில் நூல் மாற்றும் நேரத்தில்கூட மடியில் தாள் இருக்கும். முன்பு ஒரு பாட்டில் அழகைத் தேடியவள் இப்போது ஆழத்தை மட்டும் பார்த்தாள். இப்படி மூன்று ஆண்டுகள் ஓடின. அதற்கும் வாய் ருசி இருந்தது, ஒருமுறை பாடியதை மறுமுறை தொடாது. தெரியாமல் பழைய பாட்டு ஒன்றை எடுத்த பருவத்தில் நடுக்குரல் பாடிய மருந்துக்கடைப் பெண்ணின் பேச்சு போயிற்று. சீட்டைப் பார்த்து மருந்தைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை விரலால் காட்டினாள். முதலில் பேக்கரிக்காரர், அப்புறம் அறிவிப்பாளர், அப்புறம் மருந்துக்கடைப் பெண். ஏணியில் ஏறுவதுபோல் அது ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. மேல்படியில் யார் நிற்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், தாள்காரியின் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவளுக்குச் சொல்லவா வேண்டும்? மகள் குளிக்கும்போது பாடினால் இவள் தையலை நிறுத்திவிட்டுக் கதவருகே வந்து நிற்பாள், பாடாமல் இருந்தால் கதவையே தட்டிவிடுவாள். பெண்ணைப் பெட்டியோடு வெளியூரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். பெண் போய்ச் சேர்ந்த கையோடு தம்பி போன் செய்தான். "அக்கா, பொண்ணு நல்லபடியா வந்துட்டா. கூட யாரு வந்திருக்காங்க? சமையல்கட்டுல ஆம்பளக் குரல் ஒண்ணு முனகிட்டே இருக்கு, போய்ப் பாத்தா ஆளக் காணோம்." மாலைப் பேருந்திலேயே மகள் திரும்பி வந்துவிட்டாள். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "எங்க போனாலும் வரும்மா. நீ பாட்டைத் தேடு" என்றாள். அவளுக்கும் பயம்தான். இருந்தாலும் அம்மாவின் கழுத்திலிருந்த நாடாவைச் சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மேல்தட்டு தீர்ந்தது. நடுத்தட்டும் தீர்ந்தது. பதிப்பகங்களுக்கு எழுதிக் கேட்டதில், இதற்குக் கீழே மனிதக் குரலுக்கு எழுதுவதில்லை என்று பதில் வந்தது. அடித்தட்டு மட்டும் மிச்சம். நாட்டுப்பாடல்கள் கச்சேரியின் கடைசியில் கைதட்டல் வாங்குவதற்கென்று வைத்திருந்தவை, அவற்றையும் யாரோ படித்தவர்கள் நான்கு குரலாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் புரட்டியவள் அடியில் ஒரு ஒற்றைத் தாளில் நின்றுவிட்டாள். கல் இழுக்கிறவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடிய பாட்டு. இழு, இன்னும் இழு, கல்லுக்கும் கால் முளைக்கும் என்பதற்கு மேல் வார்த்தைகள் கிடையாது. அதை யாரும் பிரித்திருக்கவில்லை. மேல்குரல் கீழ்க்குரல் என்று எதுவும் இல்லை, ஒரே வரி, வரியின் தலையில் "எல்லோரும்" என்று மட்டும் இருந்தது. தாள்காரி அதைக் கைகாட்டியின் முன்னால் வைத்தாள்.

"இதுல அதுக்குப் பகுதியே இல்லையே அக்கா."

"யாருக்குமே இல்ல சார். துணிய வெட்டினாத்தான் துண்டு மிஞ்சும். வெட்டாத துணியில எத எடுத்துக்கிட்டுப் போகும்?"

"எடுத்துச்சுன்னா? மொத்தமா எடுத்துச்சுன்னா? ஊர்ல ஒருத்தர் வாயிலயும் பேச்சு இருக்காது. உங்க ஒரு பொண்ணுக்காக..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தாள்காரி அழுதுவிட்டாள். "ஆமா, என் பொண்ணுக்காகத்தான். வேற எதுக்குன்னு பொய் சொல்லட்டும்? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்றாள். அளவு நாடாவையே வாழ்க்கையாக வைத்திருந்தவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே கைகாட்டியைக் கலக்கிவிட்டது. குழுவைக் கூட்டிக் கேட்டார்கள். பேக்கரிக்காரர் தன் மேசைமணியை எடுத்து ஒரு தட்டு தட்டினார். ரொட்டி வெந்துவிட்டது என்று அர்த்தம்.

தாளில் எல்லோரும் என்று போட்டிருந்ததால் ஊரில் எல்லோரையும் அழைத்தார்கள். மேல்மாடி கொள்ளாமல் பணிமனையிலிருந்து பேருந்துகளை வெளியேற்றிவிட்டு அங்கேயே நின்றார்கள். கடைசி நாற்காலியையும் தூக்கி வந்து நடுவில் போட்டார்கள். பேச்சில்லாத மூவரும் முன்னால் நின்றார்கள். தாள்காரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கைகாட்டி கையைத் தூக்கினார், பாட்டு ஆரம்பித்தது. முதல் சுற்றில் நாற்காலி மௌனமாக இருந்தது. எதை எடுப்பது என்று அது வரிசை வரிசையாகத் தேடிப் போவதைப் பாடியவர்கள் எல்லோரும் உணர்ந்தார்கள், குளிர்ந்த விரல் ஒன்று ஒவ்வொரு தொண்டையாகத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. குழந்தைகள் அழுதுகொண்டே பாடினார்கள். அது மகளிடம் வந்து நின்றது. அவள் குரல் பாதியாயிற்று, நூலாயிற்று, கையைத் தாள்காரி நசுக்கிவிடுவதுபோல் பிடித்தாள். ஒருநாளும் பாடாத தாள்காரி அப்போது வாயைத் திறந்தாள். சுருதியாவது ஒன்றாவது, கிழிந்த துணிபோல் ஒரு குரல், ஆனால் அதே வரி, அதே இழு. பக்கத்திலிருந்தவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். எங்கே ஒருத்தி முடிகிறாள், எங்கே அடுத்தவர் ஆரம்பிக்கிறார் என்று பிரிக்க இடமில்லாமல் போயிற்று. இரண்டாம் சுற்றில் தாழ்ந்த குரல் கேட்டது. நாற்காலியிலிருந்து வரவில்லை. எல்லோருடைய தொண்டையிலிருந்தும் வந்தது, தாள்காரியின் தொண்டையிலிருந்தும், மகளின் தொண்டையிலிருந்தும், மூன்று ஆண்டுகள் சத்தமே இல்லாமலிருந்த பேக்கரிக்காரரின் தொண்டையிலிருந்தும். பாட்டு முடிந்ததும் கால் வலித்த பேக்கரிக்காரர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு குரலில், "அப்பாடா" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஊரில் எல்லோருக்கும் இரண்டு குரல், தம்முடையது ஒன்று, அதற்கடியில் அது. வெளியூரிலிருந்து போன் பேசுகிறவர்கள் பக்கத்துல யாரு என்று கேட்பார்கள், யாரும் இல்ல, நான்தான் என்று இருவராகப் பதில் போகும். பிறக்கிற குழந்தைகள் இரண்டு குரலில் அழுகின்றன, மருத்துவச்சி இரண்டையும் கேட்ட பிறகுதான் குழந்தை நல்லா இருக்கு என்கிறாள். பேருந்து அறிவிப்பு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று பயணிகள் சொல்கிறார்கள். தாள்காரி இன்னமும் தாள் தேர்ந்தெடுக்கிறாள், பிரிக்காத பாட்டாகப் பார்த்து.

மாலையில் தையல் மெஷினை மூடிவிட்டு, "சாப்பிட வாடி" என்று மகளைக் கூப்பிடுவாள். "வரேம்மா" என்று மகளின் குரல் வரும், பின்னாலேயே தாழ்ந்த குரலும் வரும். தாள்காரி இரண்டும் வரும்வரை காத்திருந்து தட்டு வைப்பாள். சில நாள் தாழ்ந்த குரல் முந்திக்கொள்கிறது. மகளுடையது வரக் கொஞ்சம் தாமதமாகும், அதுவரை தாள்காரி கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இதுவரை ஒவ்வொரு தடவையும் வந்துவிட்டது.