பணம் எடுக்க ஒரு முகம்

வங்கிப் பெண் கணினித் திரையைத் திருப்பினாள். திரையில் இருந்தது நெலிதாவேதான். லிமா சந்தையில் அவளுடைய கோழிக்கடை. பின்னால் உரித்த கோழிகள் தொங்க, அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இது நீங்கதானேம்மா?”

“நான்தான். சந்தைச் சங்கத்துல கார்டு போடணும்னு மகன் எடுத்தான்.”

“ஆன்லைன் கசினோக்காரங்க இதத்தான் அனுப்பியிருக்காங்க. பணம் திருடு போச்சுன்னு நீங்க மனு குடுத்தீங்க. திருட்டு இல்ல, இந்தம்மாதான் எங்ககிட்ட ஆடினாங்கன்னு அவங்க சொல்றாங்க.”

போனது பதினாலாயிரம் சோல் பணம். வாடகைக் கடையைச் சொந்தமாக்கிக்கொள்ளச் சேர்த்தது. சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் கடை பக்கத்து மீன்காரிக்குப் போய்விடும். மனுவை எழுதிக் கொடுத்தவன் மகன் யேர்சன். சமையலறை மேசையில் உட்கார்ந்து வரிவரியாக எழுதினான். ‘நீ கையெழுத்து மட்டும் போடும்மா, பேங்க்காரன் பயந்துக்கிட்டுத் திருப்பிக் குடுத்துருவான்’ என்றான். இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று அன்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

“மாசக்கணக்கா பணம் போனப்ப இந்த மூஞ்சியக் கேட்டாங்களா?”

“போடறதுக்குக் கேக்க மாட்டாங்கம்மா. நடுவுல ஒன்பதாயிரம் ஜெயிச்சிருக்கு. அத எடுக்கணும்னப்பதான் கேட்டாங்க.”

“அந்த ஒன்பதாயிரம் எங்க?”

“படத்தச் சரிபார்க்க மூணு நாள் ஆகும்னு நிறுத்தி வச்சிருக்காங்க. எடுக்கத்தான் முடியாது, ஆடலாம். அந்த மூணு நாள்ல அதையும் ஆடித் தீர்த்தாச்சு.”

“கசினோக்காரன் குடுக்கணும்னா மட்டும் மூஞ்சி வேணும்,” என்றாள் நெலிதா.

வங்கிப் பெண் காகிதங்களை அடுக்கினாள். “வேற ஆளு ஆடியிருந்தா போலீஸ்ல பேர் சொல்லிப் புகார் குடுத்து நகல் கொண்டாங்க. மறுபடி கேட்டுப் பாக்கலாம். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு வரலன்னா மனுவ மூடிருவோம்.”

பஸ்ஸில் நின்றபடியே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பிள்ளை ஒத்துக்கொண்டால் போதும். கடை போனால் போகட்டும்.

வாசலில் யேர்சன் தன் மூன்று சக்கர மோட்டார் டாக்ஸியின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். இருபத்துமூன்று வயது.

“வந்துருச்சாம்மா?”

“என் படம் வந்துச்சு. கோழியோட.”

அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைக்கவில்லை. “நீ என்ன சொன்ன?”

“நான்தான்னு சொன்னேன்.”

“அட போம்மா. யாரோ பொய் சொல்லி அந்தப் படத்த எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“அதத்தான் சொல்லச் சொல்றாங்க. போலீஸ்ல. எடுத்தவன் பேரோட.”

யேர்சன் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, “வில்மர் பேரச் சொல்லு,” என்றான்.

வில்மர் அவர்கள் மாடியறையில் குடியிருப்பவன், வெனிசுவேலாவிலிருந்து வந்தவன். விடியற்காலையில் லாரியிலிருந்து அவள் கோழிக்கூடைகளை இறக்கித் தருவான். காசு வாங்க மாட்டான். சூப்புக்கு நாலு கோழிக்கால் கேட்டு வாங்கிக்கொள்வான்.

“அவன் என்னடா பண்ணான்?”

“அவன் ஒண்ணும் பண்ண வேணாம்மா. வெனிசுவேலாக்காரன்னு சொன்னாலே போலீஸ் ரெண்டாவது கேள்வி கேக்காது. மிஞ்சிப்போனா நாட்ட விட்டு அனுப்புவாங்க. உனக்குக் கடை வேணுமா, வேணாமா?”

“அந்த மனுவ எழுதறப்பவே இத யோசிச்சு வச்சிருந்தியா?”

“எல்லாத்தையும் யோசிக்கணும்ல,” என்றான், பெருமையாக.

நெலிதா உள்ளே போய்க் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“வில்மர் முழுப்பேரு தெரியுமா உனக்கு?” என்று பின்னாலிருந்து கேட்டான்.

“எனக்குத் தெரிஞ்ச பேரச் சொல்லிக்கிறேன்.”

காவல் நிலையத்தில் இரண்டு விரலால் தட்டச்சு செய்யும் ஒருவர் இருந்தார். “யார் மேல சந்தேகம்?”

“சந்தேகம் இல்லங்கய்யா. தெரியும்.”

“பேரு?”

“யேர்சன் பாலோமினோ சுல்கா.”

அவர் பாலோமினோ வரைக்கும் அடித்தார். பிறகு அவளுடைய அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார். அந்த நாட்டில் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் குடும்பப்பெயர் வரும், அம்மாவுடையது கடைசியில்.

“சுல்காங்கறது உங்க பேராச்சேம்மா.”

“ஆமாங்கய்யா,” என்றாள். “அதையும் சேத்து அடிங்க.”