இட்லிச்சட்டிக்குள் ஜமுக்காளம்

மேலூர் சாலையில் ஓடும் டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்கு வைத்திருக்கும் பெயர் இட்லிச்சட்டி. பல்கலைக்கழகம் என்னவோ 'பல்நோக்கு விளையாட்டு மற்றும் கலை அரங்கம்' என்று பித்தளை எழுத்தில் முகப்பில் பொறித்துத்தான் வைத்திருக்கிறது. இட்லிச்சட்டி மூடி மாதிரியே கூரையைக் கட்டிவிட்டு இத்தனை நீளப் பெயரைச் சொல்லு என்றால் எந்தக் கண்டக்டர் கேட்பார்? பகலில் அங்கே கைப்பந்தும் கபடியும் நடக்கும், சாயங்காலம் பாட்டுக் கச்சேரி நடக்கும்.

அரங்கத்தின் மேற்பார்வையாளர் சுஷ்மா. சிம்மக்கல்லில் வீடு, சௌராஷ்டிரக் குடும்பம், வயது முப்பத்தெட்டு. அரங்கத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் அவளிடம் குறை சொல்லலாம், தரையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. மேப்பிள் மரப்பலகைத் தரை அது. தேன் நிறத்தில் மினுமினுவென்று, குனிந்து பார்த்தால் முகம் தெரியும்.

அந்தத் தரைக்காக அவள் ஒரு முழங்காலைக் கொடுத்திருக்கிறாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் இதே வளாகத்தில், சிமெண்டுத் தரையில், பல்கலைக்கழகத்துக்காகக் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, விழப்போன பந்தை எடுக்கப் பாய்ந்தாள். பந்து மேலே போனது, முழங்கால் போயே போய்விட்டது. அப்புறம் வேலைக்குச் சேர்ந்து, மனு மேல் மனுவாக எழுதி, எத்தனையோ கமிட்டிகள் முன்னால் போய் நின்று, மூன்று வருஷத்துக்கு முன் மரத்தரையை வாங்கிவிட்டாள். வெளிச்செருப்போடு யாராவது அதில் கால் வைத்தால் தன் முதுகில் மிதித்த மாதிரி இருக்கும் அவளுக்கு. வாசலில் நின்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டாள். இப்போது யாரும் சொல்லாமலே தரையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள்.

அந்தத் தை மாதச் சனிக்கிழமைதான் தரைக்குச் சோதனை வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பல்கலைக்கழக வெள்ளிவிழாக் கச்சேரி. பாடுவது பிரியம்வதா, இங்கேயே படித்துப் பேர் வாங்கிய பெண். மறுநாள் காலை பெண்கள் கைப்பந்து இறுதிப் போட்டி. பல்கலைக்கழகத்துப் பெண்கள் இறுதிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. ஏழு மணிக்கு நடுவர் வந்து தரையைப் பார்ப்பார். கீறலோ பள்ளமோ கண்டால் ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

இதற்கு முன் நடந்த கச்சேரிகளெல்லாம் கேலரிக் கூட்டத்தோடு சரி. இந்த முறை அழைப்பிதழை வாரி இறைத்துவிட்டார்கள். தரையிலும் ஆயிரத்தைந்நூறு நாற்காலி போட்டே ஆகவேண்டும். அதற்காகத் தரையோடு சேர்த்து வாங்கிய சாம்பல் நிற விரிப்பு இருபத்திரண்டு சுருள், பிரிக்கப்படாமல் ஸ்டோரில் கிடந்தது. அது இருக்கிற தைரியத்தில்தான் சுஷ்மா கச்சேரிக்குத் தலையாட்டினாள்.

காலை பத்து மணிக்கு ஸ்டோரைத் திறந்தால் சுவர்தான் இருந்தது. சுருள் ஒன்றுகூட இல்லை.

ஸ்டோர் பொறுப்பாளர் வீரணன், திருவாதவூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் பின்னந்தலையைத் தடவிக்கொண்டு நின்ற விதத்திலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது. மீதியை அவரே சொன்னார். வியாழக்கிழமை மத்தியானம் திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஊரில் நாற்பது வீட்டு நெல் அறுத்து அடித்துக் களத்தில் குவிந்து கிடந்தது. மூடப் படுதா போதவில்லை. வீரணனுக்கு ஸ்டோர் ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாக யாரும் தொடாத படுதா இருபத்திரண்டு சுருள் சும்மாதானே கிடக்கிறது என்று டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார். வெயில் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. வெயில் வரவில்லை.

"படுதான்னுதான் நெனச்சேன் மேடம்," என்றார். "தரைக்குப் போடுறதுன்னு சத்தியமா தெரியாது. ஒரு மணி நெல்லு நனையல."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவரையும் மீறிக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. சுஷ்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் நாற்பது வீட்டு நெல்லை நனையவிட்டிருக்கலாமே என்று எந்த வாயால் சொல்லுவாள்? வீரணன் போனில் படத்தைக் காட்டினார். விரிப்பு முழுக்கச் சேறு, வைக்கோல், மணல். கழுவிக் காயவைக்க இரண்டு நாளாகும். அந்த மணலோடு தரையில் போட்டால் செருப்பே தேவலை.

பதிவாளர் அனந்தபத்மநாபன் விஷயம் கேட்டு அரங்கத்துக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் விழா என்று வந்துவிட்டால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நாற்காலியை அப்படியே போடுங்கள், தரையை அடுத்த மாதம் இழைத்துக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் நாளைய ஆட்டம் என்னாவது என்று சுஷ்மா கேட்டாள். வேறு ஏதாவது கல்லூரியில் சிமெண்டு மைதானம் கிடைக்காமலா போகும் என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக.

சுஷ்மாவின் வலது முழங்கால் அந்த நிமிஷம் சுருக்கென்று வலித்தது. தலையைக் குனிந்தாள். குனிந்த கண்ணில் பதிவாளரின் கால் பட்டது. வெறும் கால். இத்தனை பதற்றத்தில் ஓடிவந்த மனுஷன்கூட, யாரும் சொல்லாமலே, தரையின் ஓரத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"சார், நாற்காலியே வேண்டாம்," என்றாள். "எல்லாரும் செருப்ப வெளிய விட்டுட்டு ஜமுக்காளத்துல உக்காரட்டும். கோயில் கச்சேரிக்கு உக்காரலையா?"

பதிவாளர் தன் தொப்பையை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் தரை முழுக்க விரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி உள்ளே வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதோடு நிற்காமல், ஆயிரத்தைந்நூறு நாற்காலியையும் வாசலில் அடுக்கிவைக்கவும் உத்தரவு போட்டார்.

சிம்மக்கல்லில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் பாலசுந்தரத்தைச் சின்ன வயதிலிருந்தே சுஷ்மாவுக்குத் தெரியும். போன் போட்டாள். அவர் சிரித்துவிட்டார். தை மாத முகூர்த்தமும் அதுவுமாக ஜமுக்காளம் கேட்கிறாயே தாயி, மதுரையில் இன்றைக்கு எந்த ஜமுக்காளம் சும்மா இருக்கிறது என்றார். தேடிப் பிடித்து எட்டு அனுப்பினார். தரைக்கு நூற்றைம்பதாவது வேண்டும். இன்னும் நாலு கடைக்குக் கேட்டாள், எல்லா இடத்திலும் அதே பதில்தான். இதற்கிடையில் வீரணனையும் காணவில்லை. பயந்து ஓடிவிட்டார் என்றே எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

நாலரை மணி ஆயிற்று. எட்டு ஜமுக்காளம், பெரிய சோற்றுத் தட்டில் எட்டுப் பருக்கை போல ஒரு மூலையில் கிடந்தது. நாற்காலிக்காரர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்கள். கைப்பந்துக் குழுத் தலைவி தங்கப்பொண்ணு, மேலூர்ப் பெண், தன் குழுப் பெண்களோடு தரையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நாற்காலி வந்தால் எங்கள் மேல்தான் போடவேண்டும் என்று சொன்னவள், சொல்லும்போது சிரிக்கவே இல்லை. சுஷ்மாவுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் அழவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிராக்டர் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று. முன்னால் வந்த டிராக்டரில் வீரணன் நின்றுகொண்டு வந்தார், தேர் மேல் வருகிற மாதிரி. பின்னாலிருந்த டிரெய்லர்களில் ஜமுக்காளங்கள். திருவாதவூர் மந்தையில் திருவிழாவுக்கு விரிக்கும் பொது ஜமுக்காளங்கள், வீட்டு விசேஷத்துக்கு வாங்கிப் பெட்டியில் வைத்தவை, போதாததற்குக் கோரைப்பாய்கள். மேலே பத்துப் பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குத் தலைமை மலையம்மாள், ஆறு ஏக்கர் நெல்லுக்குச் சொந்தக்காரி.

இறங்கியதும் அவள் சுஷ்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க நெல்லுக்கு நீங்க போத்துனீக. ஒங்க தரைக்கு நாங்க போத்துறோம். அம்புட்டுத்தான். எங்க விரிக்கணும், சொல்லுங்க."

சுஷ்மா நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவள் வாயில் வந்ததோ, உதறினீர்களா என்ற கேள்வி. ஒன்றுக்கு மூன்று தரம் உதறிவிட்டுத்தான் ஏற்றினோம், அந்தத் தரையில் மணல் பட்டால் மேடம் செத்துப்போகும் என்று வீரணன் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான் என்றாள் மலையம்மாள். அப்போதுதான் சுஷ்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கைப்பந்துக் குழுவும் எழுந்து கைகொடுக்க, பத்து நிமிஷத்தில் விரித்து முடித்தார்கள். பச்சை, சிவப்பு, ஊதாக் கோடுகளாகத் தரை முழுக்கக் கல்யாணக் களை வந்துவிட்டது. ஐந்து மணிக்கு வந்து பார்த்த பதிவாளர் நாற்காலிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்.

அப்புறம் செருப்பு வேலை. நாலாயிரத்துச் சொச்சம் ஜோடி. கைப்பந்துக் குழு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுத்தது. மறுநாள் இறுதிப் போட்டி ஆடவேண்டிய கைகள் அன்றைக்கு ஊர்ச் செருப்பையெல்லாம் தூக்கி அடுக்கின. ஒரு பேராசிரியர் தன் ஷூ புதுசு என்று தயங்கினார். எங்கள் தரையும் புதுசுதான் சார் என்று சொல்லி டோக்கனை அவர் கையில் வைத்தாள் தங்கப்பொண்ணு.

பிரியம்வதா மேடைக்கு வந்து கூட்டத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டாள். நாற்காலி வரிசைகளுக்குப் பாடிப் பாடி அலுத்த பெண். இங்கே அத்தனை பேரும் சப்பணமிட்டு, மடியில் பிள்ளைகளோடு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் ஹீல்ஸைக் கழற்றிப் போட்டாள். மூன்றாவது பாட்டுக்குக் கீழே இறங்கி ஜமுக்காளத்துக்கே வந்துவிட்டாள். ஐந்தாவது பாட்டுக்குக் கூட்டம் எழுந்து ஆடியது, நடுவில் மலையம்மாளும் ஆடினாள். வெறுங்காலில் எம்புட்டு ஆடினால்தான் என்ன, ஆடட்டும் என்று சுஷ்மாவும் கைதட்டினாள். கடைசியில் பதிவாளரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவருக்கும் அன்றைக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

காலை ஏழு மணிக்கு நடுவர் வந்தார். தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தடவித் தடவி, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். ஓர் இடத்தில் கை நின்றது. சுஷ்மாவுக்கு மூச்சும் நின்றது. நடுவர் எதையோ எடுத்து அவள் கையில் வைத்தார். ஒரு நெல்மணி. வேறு ஒன்றுமில்லை, அருமையான தரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜமுக்காளத்தை எடுத்துப்போகத் தங்கிய திருவாதவூர்க்காரர்கள் கேலரியில் உட்கார்ந்துகொண்டார்கள். விதி ஒன்றும் தெரியாமல் எல்லாப் பந்துக்கும் கத்தினார்கள். ஐந்தாவது செட்டில், கடைசிப் புள்ளியில், பந்து இனி தரைதான் என்று எல்லாரும் விட்டுவிட்ட நேரத்தில் தங்கப்பொண்ணு பாய்ந்தாள். நெஞ்சு தரையில் பட, முழு நீளத்துக்கு வழுக்கிப் போய், கையை அடியில் கொடுத்தாள். பந்து மேலே போனது. அதை அடுத்தவள் அடித்து முடித்தாள். விழுந்தவள் சிராய்ப்புகூட இல்லாமல் துள்ளி எழுந்து ஓடினாள். எது தனக்குக் கிடைக்காமல் போனதோ அதை இன்னொருத்திக்கு வாங்கிக் கொடுத்துவிட்டதைச் சுஷ்மா கண்ணால் பார்த்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் மறைத்தது.

கோப்பை கொடுத்து முடிந்து கூட்டம் கலையும்போது, தங்கப்பொண்ணு வலைக்குப் பக்கத்திலிருந்து பந்தை லேசாகத் தூக்கிப் போட்டாள். "மேடம், ஒண்ணே ஒண்ணு எடுங்க."

பந்து நாலடி தள்ளி விழப்போனது. யோசித்திருந்தால் சுஷ்மா நின்றிருப்பாள். யோசிக்க முடியவில்லை. மூன்று வருஷமாகத் துடைத்துத் துடைத்துக் காத்த தரையில் அவள் முதல் தடவையாக விழுந்தாள். பந்து மேலே போனது.

கேலரியிலிருந்து வீரணன் பதறி ஓடிவந்தார். தரையின் ஓரத்தில் சட்டென்று நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி ஓடிவந்தார்.

"வலிக்குதா தாயி?"

சுஷ்மா கன்னத்தைத் தரையில் வைத்தபடியே கிடந்தாள். எழுந்திருக்க மனசில்லை.

"இல்லண்ணே," என்றாள். "வலிக்கவே இல்ல."