சத்தமாய்ச் சொன்ன உண்மை

இந்தக் காலத்துச் சனத்துக்கு உண்மையும் வேணும், அதைச் சொன்னவனின் தலையும் வேணும். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க வருவார்கள். உள்ளதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், இன்னார்தான் சொன்னவர் என்று பேரோடு போட்டுக்கொடுப்பார்கள். பொரளை இராஜநாயகம் செய்தது அதைத்தான். ஹெவ்லொக் டவுனில் சட்டத்தரணி ஸ்ரீஸ்கந்தராசாவின் விறாந்தையில் யோசனை கேட்கக் காத்திருந்த யேசுரட்ணத்துக்கு வேறு நினைப்பே வரவில்லை.

வெள்ளவத்தையில் அவருக்கு ஒரு கொமினிகேசன் கடை. சண்டைக்குள்ளிருந்து வந்து லொட்ஜுகளில் கிடக்கும் சனம் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு போனில் கதைப்பது அங்கேதான். போன் கதைக்கப் பலகையால் அடித்த கூடு, ஒழுங்காகச் சாத்தாத கதவு. லைன் தெளிவில்லை என்று எல்லோரும் கத்தித்தான் கதைப்பார்கள். சரோஜினிதேவி ரீச்சரும் ஒருநாள் மத்தியானம் சுவிஸிலிருந்த மகனிடம் கத்தினா. அவளையும் பிள்ளையையும் அங்கேயே விட்டுவிட்டு வா, இங்கே ஒருத்தருக்கும் தெரியாது என்று. அந்த நேரம் கடையில் யேசுரட்ணத்தைத் தவிர ஆளில்லை.

பிறகு இராஜநாயகம் தன் மகளையும் கூட்டிக்கொண்டு, அவளுக்குப் பேசிய மாப்பிள்ளையான ரீச்சரின் அந்த மகனைப் பற்றி விசாரிக்க வந்தார். யேசுரட்ணம் ஒளிக்கவில்லை. அவனுக்கு அங்கே மனுசியும் பிள்ளையும் இருக்குது என்றார். வருசக்கணக்காக இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டை. போனுக்கு முறை பார்த்து வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தம் நின்றது. இப்போது ரீச்சர், சொன்னது பொய்யென்று எழுதித் தா, இல்லாவிட்டால் மானநட்ட வழக்கு என்று ஆள் வைத்து அறிவித்திருக்கிறா.

உள்ளே கூப்பிட்ட ஸ்ரீஸ்கந்தராசா முழுக்கதையையும் கேட்டார்.

"ஐயா, உண்மை எண்டது மட்டும் காணாது. அதைச் சொன்னது ஊருக்கு நன்மை எண்டும் காட்டவேணும். இராஜநாயகத்திட்டத் தனியச் சொல்லியிருந்தால் வேற கதை. நீங்கள் வாங்கிலை இருந்த அவ்வளவு பேருக்கும் ஒலிபரப்பியிருக்கிறியள்."

"மெல்லக் கதைச்சா எனக்கே கேக்காது, தம்பி."

"சரி. உண்மையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கோட்டிலை கேப்பினம். என்ன சொல்லுவியள்?"

யேசுரட்ணம் வாயைத் திறந்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். போனில் கதைக்கிறதைக் கேட்டனான் என்று சாட்சிக் கூட்டில் ஏறிச் சொன்னால் பொழுது படமுதல் வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்துவிடும். மகன் எந்த லொட்ஜில் நிற்கிறான், எந்த ஏஜென்சிக்காரன் எந்த வழியால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறான் என்று தாய்மார் கத்திய கூடு அது. இந்த மனுசன் கேட்டதையெல்லாம் ஆரிடம் சொன்னாரோ என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதற்குப் பின்னால் பொலிஸ் வரும். வேறு என்ன கேட்டாய் என்று கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை என்று அவரால் சொல்ல ஏலாது. கேட்டிருக்கிறார்.

சட்டத்தரணி, ரீச்சர் கொடுத்தனுப்பியிருந்த ரைப் அடித்த தாளை முன்னால் தள்ளினார். பிழையான தகவல், மன்னிக்கவும், அவ்வளவுதான். கையெழுத்து வைத்தால் முடிந்தது.

"இதைக் கண்டால் இராஜநாயகம் என்ன செய்வார்?"

"அது உங்கட பிரச்சினை இல்லை, ஐயா."

"கலியாணத்தைச் செய்து வைப்பார்."

ஸ்ரீஸ்கந்தராசா பேனையை அவர் பக்கம் நகர்த்தினார். யேசுரட்ணம் பேனையை எடுத்தார். அவருக்குப் பேர் எழுதவே நேரம் பிடிக்கும். முதல் எழுத்தைப் போட்டார். தகப்பனுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்ற அந்தப் பெட்டையை நினைத்தார். பேனையை வைத்துவிட்டு எழும்பினார்.

"திங்கக்கிழமைக்குள்ள முடிவு சொல்லவேணும்."

"பொய்யெண்டு எழுதினா விடுவினமாம், மெய்யெண்டு சொன்னாப் பிடிப்பினமாம். உந்தச் சட்டத்தை ஆர் தம்பி எழுதினது?"

"ஒல்லாந்தர் காலத்திலையிருந்து வாறது, ஐயா."

"அவங்கள் கப்பலேறி எவ்வளவு காலம்! நான் நம்பமாட்டன்."

வெயிலில் இறங்கி நடந்தார். பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. நம்பமாட்டன், நம்பமாட்டன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனவர், சந்திக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் தன் வாயையே பார்ப்பதைக் கண்டார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அவனைத் தாண்டினார். கொஞ்சத் தூரம் போனதும் உதடு மறுபடி அசையத் தொடங்கியது.