பெரியாஸ்பத்திரியில் கொடுத்த பெல்ட்

இரண்டு கைகளிலும் பிளாஸ்டரோடு அப்பா ஓர் உண்மையை மறைத்து வைத்திருந்தது சரியாக இருபத்தெட்டு நாட்களும் இரண்டு மணித்தியாலங்களும்.

ஜனவரி ஏழாம் திகதி காலை ஏழு மணிக்குப் பத்திரிகை வாங்கப் போனவர், எங்கள் மஹய்யாவப் பகுதியின் படிக்கட்டில் பாசி வழுக்கி விழுந்தார். இரண்டு மணிக்கட்டும் முறிந்தன. மத்தியானம் த்ரீவீலரில் வந்து இறங்கினார். இடுப்பில் உடுத்திருந்த சாரத்துக்கு மேலே, நான்கு விரல் அகலப் பச்சை பெல்ட் ஒன்று அவர் இடுப்பை ஒன்றரைச் சுற்றுச் சுற்றியிருந்தது. அப்பா பெல்ட் கட்டுகிறவர் அல்ல.

“இது யாரோடது?” என்று அம்மா கேட்டார்.

“ஆஸ்பத்திரியில குடுத்தாங்க.”

“பெல்ட்டா?”

“கை ஒடிஞ்சவங்களுக்குக் குடுப்பாங்க. பெரியாஸ்பத்திரி.”

“அங்க யாரு கூட்டிட்டுப் போனா?”

“நானே போனேன்.”

“த்ரீவீலர எப்பிடி நிப்பாட்டுனீங்க?”

“தலையாட்டி.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் பெல்ட்டைப் பார்த்தேன். அப்படி ஒரு பெல்ட் எங்கள் தெருவில் ஒன்றுதான் உண்டு. பக்கத்து வீட்டு ஸெய்னுலாப்தீன் நாநா கட்டுவது. அவருடைய வயிற்றுக்குக் கடையில் அளவு கிடையாது; சொல்லிச் செய்வித்தது. அவர் வீட்டுப் பலா இலை எங்கள் கூரைப் பீலியை அடைத்த விஷயத்தில், அவரும் அப்பாவும் பேச்சை நிறுத்திப் பதினொரு வருஷம்.

அப்பா நடராஜா, மாநகர சபையில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் ஒரு குண்டூசிகூட இரவல் கேட்டதில்லை. ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் வாசகசாலையில் கொடியேற்றியதும் ஒரே தலைப்பில் பேசுவார்: ‘யார் தயவுமின்றி வாழ்தல்’. பதினான்கு வருஷமாக அதே பேச்சு. கூட்டத்துக்கு மனப்பாடம். அவருக்குத்தான் தாள் வேண்டும்.

முதல் மூன்று நாள் அம்மா ஊட்ட அவர் விடவில்லை. நான் பௌதிகம் படித்தவள் என்பதால், கரண்டியை, கோடு போடும் ஓர் அடிமட்டத்தில் கட்டி, அடிமட்டத்தைப் பிளாஸ்டரில் கட்டிக் கொடுத்தேன். கணக்குச் சரிதான். முதல் தடவை சம்பல் கலண்டரில் பட்டது. இரண்டாம் தடவை அம்மா மீது.

நாலாம் நாள் அவர் வாயைத் திறந்தார். திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வாரம் நோன்பு தொடங்கியது. நாநாவின் மனைவி றலியா எல்லா வருஷமும் போல மதிலுக்கு மேலால் கஞ்சிச் சட்டியை நீட்டினார். எங்களுக்கென்று இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சியது. பதினொரு வருஷமாக நானும் அம்மாவும் குடிப்போம், அப்பா தொடமாட்டார். இந்த வருஷம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில்லாமல் குடிக்கக்கூடிய ஒரே சாப்பாடு அதுதான். கடையில் வாங்கிய உறிஞ்சு குழாயில் கஞ்சிச் சோறு அடைத்துக்கொண்டது. நான் பப்பாளி இலைத் தண்டை வெட்டி, வெந்நீரில் போட்டுக் கழுவிக் கொடுத்தேன். ஒரு கோப்பையை ஒரே மூச்சில் உறிஞ்சினார்.

“மருந்துதான்,” என்றார்.

ஒரு நாள் சட்டியோடு றலியா கவலையும் கொண்டுவந்தார். “எங்கட இவர்ட பெல்ட்டக் காணல்ல பரிமளம். கேட்டா வாயத் திறக்கிறாரில்ல. சணல் கட்டிட்டுத் திரியிறாரு. தும்மினா அது அறுந்து போகுது.”

“தேடுங்க, கெடைக்கும்,” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே வந்தார். அலுமாரிக் கதவில் பெல்ட் தொங்கியது.

“இந்த ஆஸ்பத்திரி பெல்ட்ட நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரவா?”

“நானே குடுப்பேன். கை சரியாகட்டும்.”

ஜனவரி கடைசியில் பேச்சை எனக்குச் சொல்லி எழுதுவித்தார். “எழுது. மனிதன் தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும்போதே… மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடு… இன்னும் மேல… முழுச் சுதந்திரம் அடைகிறான். மூக்க எழுதிட்டியா?”

“வெட்டிட்டேன்ப்பா.”

அப்போதுதான் வாசகசாலைத் தலைவர் சேதுராமன் வந்தார். “இந்த வருஷம் கொடியேத்த ஸெய்னுலாப்தீன் நாநாவக் கூப்பிட்டிருக்கோம் அண்ணே.”

அப்பாவின் முகம் பிளாஸ்டர் நிறத்துக்கு வந்தது. “அவரு பேசுவாரா?”

“ஏத்திட்டு ரெண்டு வார்த்தை சொல்லுவாரு. அப்புறம் நீங்க.”

“முதல்ல அவரா?”

“கொடிக்கு அப்புறம்தான பேச்சு?”

அன்றிலிருந்து அப்பா மதில் பக்கமே திரும்பவில்லை. கஞ்சியை மட்டும் குடித்தார். படிக்கட்டில் நடந்தது நாநாவுக்குத் தெரியும். அவர் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அதன் பிறகு ‘யார் தயவுமின்றி’ என்று அப்பா வாயைத் திறக்க முடியாது.

பெப்ரவரி நாலாம் திகதி, காலை ஒன்பது மணி. வாசகசாலை முற்றத்தில் நாற்பது பேர். அப்பா முன்வரிசைக் கதிரையில், முழங்காலில் பிளாஸ்டர் கைகள் இரண்டையும் வைத்து உட்கார்ந்திருந்தார். பேச்சு என் கையில். நாநா வெள்ளைச் சட்டை, தொப்பி, புதுச் சாரத்தோடு வந்தார். யாரோ தேநீர் நீட்டி, பிறகு நோன்பு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

நாநா கம்பத்தடிக்குப் போனார். கயிற்றைத் தொட்டார். பிறகு தும்மினார்.

‘டக்’ என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது. நாநாவின் இடது கை பாய்ந்து இடுப்பைப் பிடித்தது.

“இழுங்க நாநா,” என்றார் சேதுராமன்.

நாநா வலது கையால் இழுத்தார். கொடி ஓர் அடி ஏறியது. பிடி மாற்றக் கையை விட்டதும் ஓர் அடி இறங்கியது. மறுபடியும் ஏறியது. மறுபடியும் இறங்கியது.

“ரெண்டு கையாலயும் இழுங்க!”

“நோன்பு, பாவம், தெம்பில்ல போல,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

“இந்தக் கையில கொஞ்சம் வாதம்,” என்றார் நாநா. வியர்வை காதோரம் ஓடியது. அப்பாவை ஒரு தடவை பார்த்தார். மறுபடி கயிற்றைப் பிடித்தார்.

“வாதமா? நேத்துப் பலா மரத்துல ஏறி இருந்தீங்களே,” என்றார் சேதுராமன். “அந்தக் கைய எடுங்க, நான் பாக்குறேன்.” கையைப் பிடிக்கவே போய்விட்டார்.

அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் கதிரை சாய்ந்தது.

“சேதுராமா, அவரு கைய விடு!”

எல்லாரும் திரும்பினார்கள். அப்பா என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் இது இல்லை.

“அவரு பெல்ட் எங்க வீட்டு அலுமாரியில தொங்குது. ஆஸ்பத்திரியில குடுக்கல. அன்னைக்குப் படிக்கட்டுல, ரெண்டு கையும் ஒடிஞ்சு நான் நிக்கிறேன், என் சாரம் அவுந்து கீழ விழுந்திருச்சு. எடுத்து, தன் பெல்ட்டக் கழட்டிக் கட்டிவிட்டது நாநாதான்.”